கூட்டிய சாண், கழித்த சாண்

அணைக்கட்டில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் வரவில்லை, பெயர் மட்டும் ஒன்பது வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. பிஎச்.டி.க்குப் பதிவு செய்த அன்று ஆபீசில் இனிப்பு கொடுத்தாள். இனிப்பை வாயில் போட்ட கையோடு ஒருவர் ஆரம்பித்துவைக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். முதலில் கிண்டலாக இருந்தது, பிறகு பழகிப்போனது, கடைசியில் அவளுடைய சொந்தப் பெயரே பலருக்கு மறந்துவிட்டது. குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்து நின்றாள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்றதும், "அப்ப எந்த டாக்டரு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் டாக்டரம்மாவால் ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்ததே இல்லை.

படிப்பின் பெயர் அப்படி. மனித, தொழில்நுட்ப, இயற்கை அமைப்புகளின் பல்துறை மேலாண்மை ஆய்வு. பல்கலைக்கழகத்தில் அந்தத் துறைக்குப் பெயர் எழுத வந்தவர் பாதியிலேயே இடம் போதாமல் இரண்டாவது பலகை கேட்டாராம். அறை மட்டும் ஒன்றே ஒன்று. மாடிப்படிக்கு அடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கு எதிரே. மெஷின் ஓடும்போது உள்ளே பேசுகிறவர்கள் கொஞ்சம் கத்திப் பேச வேண்டும்.

விஷயம் என்னவோ எளிமையானதுதான். ஓர் ஆறு இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்த இயந்திரம் இருக்கிறது. இயந்திரத்தை இயக்க ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றும் தனித்தனியாக ஒழுங்காக இருந்தும், சேரும்போது தப்பு நடக்கிறதே, அது எப்படி? இதை அவள் தன் கணவருக்கு விளக்கிச் சொன்னபோது, ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்கும்மா பிஎச்.டி.? என் லிஃப்டுல தினமும் நடக்குது" என்றார்.

நல்ல மனிதர். ஆய்வேட்டை எடுத்தால் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவார், அவ்வளவுதான் குறை. அவர் முழுதாகப் படித்த ஒரே பக்கம் நன்றியுரை. அதிலும் தன் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறது என்று பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

அவள் வேலை ஷட்டர் வேலை. அணையின் தலைமாட்டில் கண்ணாடி அறை, எட்டு ஷட்டர்களுக்கு எட்டு ஜோடி பொத்தான்கள், ஒரு பதிவேடு, பஞ்சு வெளியே வந்த ஒரு நாற்காலி. மூன்று பேர் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் விடுவது, எப்போது மூடுவது என்பதுதான் அங்கே முழுநேரக் கவலை. ஆறு இறங்கிப் போகும் வழியில் ஒரு பாலம், பாலத்தை ஒட்டிப் பள்ளத்தில் ஒரு தெரு, முப்பத்திரண்டு வீடுகள். பாலத்தில் தண்ணீர் ஆறு மீட்டரைத் தொட்டால் அந்தத் தெருவுக்குள் வந்துவிடும். அதனால் ஐந்தரை மீட்டர் வந்ததும் ஷட்டர்களை இறக்க ஆரம்பிப்பது வழக்கம். ஐந்தரைக்கு மேல் எப்போது இறக்குவது என்பது செயலரின் நிதானம் என்று விதிப்புத்தகம் சொன்னது. செயலர் என்றால் பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்.

ஆனால் பாலத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது மேலே உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் அளவுக்காரர் இருந்தார்.

பாலத்தின் தூணில் வெள்ளையும் கறுப்புமாக அளவு தீட்டியிருக்கும். மழைக்காலத்தில் அவர் மணிக்கொரு தரம் குடையோடு இறங்கிப் பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸில் கூப்பிடுவார். "மேல் அணை, கீழ்ப் பாலம் பேசுறேன். அஞ்சு முப்பது. ஏறிக்கிட்டிருக்கு." அவள் எழுதிக்கொள்வாள். அத்தோடு வேலை முடிந்தது. ஆனால் அவர் வைக்க மாட்டார். "சாப்டீங்களாம்மா?" என்பார். அவள் சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் சொல்வாள். பதினோரு வருடம் இப்படி.

ஒரு தடவைகூட நேரில் பார்த்தது கிடையாது. அவருக்குச் சளி பிடித்தால் அவளுக்கு முதல் வார்த்தையிலேயே தெரியும். அவர் தங்கைக்கு வந்த வரன் தட்டிப்போனது தெரியும். அவளுடைய மகளுக்கு அம்மை போட்டது, அவள் கணவருக்கும் அவளுக்கும் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது எல்லாம் அவருக்குத் தெரியும். பள்ளி விடுமுறை நாட்களில் மகளை அவள் அறைக்கு அழைத்து வருவாள். அந்தப் பெண் பதினாறாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பித்ததே வயர்லெஸ்ஸில்தான். "பதினாறு ஏழு எவ்வளவு, ஓவர்" என்று கீழ்ப் பாலத்திலிருந்து கேள்வி வரும். மேலதிகாரி ஒருநாள் இதைக் கேட்டுவிட்டுக் குதி குதியென்று குதித்தார். மறுநாள் பதினேழாம் வாய்ப்பாடு நடந்தது.

அறைக்குள் இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கேயும் எழுதி வைக்கப்படாத விஷயம். அவள் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பழைய செயலர் காதோடு சொல்லிக்கொடுத்தார்: "அந்த ஆளு எப்பவும் ஒரு சாண் கூட்டித்தான் சொல்லுவான். நீ கழிச்சுக்க." ஒரு சாண் என்றால் அவர்கள் கணக்கில் இருபது சென்டிமீட்டர். அவர் ஐந்து ஐம்பது என்றால் ஐந்து முப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் ஐந்து எழுபது என்று சொல்லும்போதுதான் உண்மையில் ஐந்தரை, அப்போது ஷட்டரில் கை வைத்தால் போதும். மூன்று செயலர்களும் அப்படியே செய்தார்கள். அவள் காலத்தில் தெருவுக்குள் ஒரு சொட்டு வந்ததில்லை. அவர் கூட்டினார், இவர்கள் கழித்தார்கள், கணக்கு சரியாக இருந்தது. ஏன் கூட்டுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஏதோ பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு சென்சார் வந்தது. பாலத்துக்கு அடியில் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். எட்டு மாதம் சோதனை ஓட்டம். அந்த எட்டு மாதமும் சென்சாரின் எண்கள் நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போயின, கண்ணாடி அறைக்கு வரவில்லை. அறைக்கு எப்போதும்போல அளவுக்காரரின் குரல்தான் வந்தது. ஒரு திங்கட்கிழமை அவள் வார விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தபோது மேஜை மேல் புது ஸ்க்ரீன் இருந்தது. வயர்லெஸ் பெட்டி இருந்த இடத்தில் தூசிச் சதுரம் மட்டும் இருந்தது. அவரை எங்கேயோ வண்டி டிப்போவுக்கு மாற்றிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை கடைசியாகக் கூப்பிட்டு, "அம்மா இல்லையா இன்னிக்கு?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றார்களாம். சரி என்று வைத்துவிட்டாராம்.

ஸ்க்ரீன் நிமிடத்துக்கொரு தரம் எண்ணை மாற்றிக்காட்டியது. சத்தமில்லை, சளி இல்லை, ஏறிக்கிட்டிருக்கு என்று சொல்ல ஆளில்லை. மணி பத்தாகும், பதினொன்றாகும், அவள் கை தானாகப் பேனாவை எடுக்கும். ஒருநாள் வாய் தவறி ஸ்க்ரீனைப் பார்த்து, "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பின்னால் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த சக செயலருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் அது ஏக்கம்தான். அதற்கு வேறு மரியாதையான பெயர் வைத்து என்ன பயன்? கல்யாணமாகி, மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட ஒரு பெண்மணிக்கு, முகம் தெரியாத ஒருவரின் குரல் இல்லாமல் பகல் முழுதும் வெறிச்சென்று இருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருட மழையில் அது நடந்தது. நல்ல பட்டப்பகல். அவள்தான் பொத்தானுக்கு முன்னால் இருந்தாள். ஸ்க்ரீனில் ஐந்து ஐம்பது. அவள் மனம் தன்பாட்டுக்கு ஒரு சாணைக் கழித்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தாள். ஐந்து எழுபதில்தான் கை வைத்தாள். சென்சார் கூட்டிச் சொல்லத் தெரியாதது. அது சொன்னது அத்தனையும் உண்மை. அரை மணி நேரம் கைவிட்டுப் போய்விட்டது. முப்பத்திரண்டு வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

உயிர்ச்சேதம் இல்லை. கட்டிலும் பீரோவும் பிள்ளைகளின் புத்தகமும் போயின. விசாரணை வைத்தார்கள். சென்சார் துல்லியம். ஷட்டர்கள் பழுதில்லை. செயலர் விதிப்படியே நடந்திருக்கிறார், ஐந்தரைக்கு மேல் நிதானம் அவருடையது. மழை அதிகம். கோப்பை மூடிவிட்டார்கள். மனதுக்குள் நடந்த கழித்தல் எந்தப் பதிவேட்டில் இருக்கும்?

அவளுக்கே அது அன்று உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆராய்ச்சிக்காக அந்த எட்டு மாதச் சோதனை எண்களை அவள் தலைமை அலுவலகத்தில் கேட்டிருந்தாள். இரண்டு வருடம் மனு மேல் மனு போட்டு, ஒருவழியாகக் கிடைத்தது. சென்சார் சொன்னதையும் அளவுக்காரர் சொன்னதையும் ஒரே தாளில் கோடாகப் போட்டுப் பார்த்தாள். இரண்டு கோடுகளும் தண்டவாளம்போலச் சேர்ந்தே போயின. நடுவில் எங்கே அளந்தாலும் ஒரு சாண். எட்டு மாதத்தின் முடிவில் ஒரு கோடு நின்றுபோனது. ஆனால் ஷட்டரை இயக்கிய கைகள் மட்டும், நின்றுபோன அந்தக் கோட்டையே நம்பி அதற்குப் பின்னும் இயங்கிக்கொண்டிருந்தன. தாளை மேஜையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். கணவர் வெளியே நின்று, "என்னம்மா, தண்ணி வரலையா?" என்று கேட்டார்.

அப்படிப் பிறந்ததுதான் ஐந்தாம் அத்தியாயம். முதல் நான்கும் அதற்கான படிக்கட்டு. ஆய்வுக் குழுவில் மூன்று பேர். தண்ணீர் பேராசிரியர் தண்ணீர் அத்தியாயத்தை மட்டும் படிப்பார். கம்ப்யூட்டர் பேராசிரியருக்குச் சென்சார் அத்தியாயம். சமூகவியல் பேராசிரியருக்கு ஆட்கள் அத்தியாயம். மூன்றும் சேருகிற ஐந்தாவதை ஒவ்வொருவரும் மற்ற இருவருடையது என்று நினைத்துத் தள்ளிவிட்டார்கள். நெறியாளர் அம்மையார் எல்லாவற்றையும் படித்தார், ஆனால் கமாவும் முற்றுப்புள்ளியும் பார்ப்பதற்குத்தான். தன்னுடைய படிப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று டாக்டரம்மா ஏங்கினாள். மகள் பட்டம் வாங்கி வேலைக்கும் போய்விட்டாள். "அம்மா, என்னுது முடிஞ்சிடுச்சு, உன்னுது எப்போ?" என்று போனில் கேட்பாள். இவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆய்வேட்டில் பெயர்கள் கிடையாது. செயலர் ஒன்று, செயலர் இரண்டு, செயலர் மூன்று. வெள்ளத்தன்று இருந்தது செயலர் மூன்று. தான் ஒரு சாண் கழித்ததாக அவர் நேர்காணலில் தெரிவித்தார் என்று எழுதியிருந்தாள். சமூகவியல் பேராசிரியர் தற்செயலாக அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "செயலர் மூன்று ரொம்ப வெளிப்படையான ஆளா இருக்காரே! எப்படிப் பேச வச்சீங்க?" என்று பாராட்டினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "பழக்கமானவர் சார்" என்றாள்.

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசிக் கெடுவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது நெறியாளர் குண்டைத் தூக்கிப் போட்டார். "அந்த அளவுக்காரரோட ஒப்புதல் படிவம் எங்க? அவர் பேச்சும் பழக்கமும்தான் இந்த அத்தியாயத்துக்கு உயிரு. ஆளைப் பார்த்து, பேசி, கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ஏன் கூட்டினார்னு தெரியணும். இல்லைன்னா இது அந்தரத்துல தொங்கும்."

ஆறு வருடமாக அவள் அவரைத் தேடவில்லை. தேட நினைக்காத நாளும் இல்லை. டிப்போவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். அந்தக் கோடு போட்ட தாளைப் பார்ப்பதற்கு முன்னால் வெட்கமாக இருந்தது, பார்த்த பின்னால் பயமாக இருந்தது. இப்போது படிவத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு ஆபீசில் ஓய்வுபெற்றவர்கள் பட்டியலில் விலாசம் வாங்கினாள். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம், அவ்வளவுதான்.

இரண்டாம் மாடி. அவருடைய தங்கை கதவைத் திறந்தாள். உள்ளே ஜன்னலோரம் ஒல்லியான ஒரு மனிதர் தடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரேடியோவைக் கழற்றிப் போட்டிருந்தார். அவள் மனதில் பதினோரு வருடம் இருந்தவர் நல்ல பருமனான ஆள். இவர் யாரோ போல இருந்தார். அவரும் யாரோ போலத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"மேல் அணை பேசுறேன்" என்றாள் அவள்.

ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. "அட! அம்மாவா?" என்று எழுந்தே விட்டார். அந்தக் குரல் மாறவே இல்லை. "சாப்டீங்களா அண்ணே?" என்று கேட்டாள் அவள். தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

அவருக்குக் கண் மங்கிவிட்டது. படிக்க முடியாது. "நீங்க வாசிங்க, நான் கேட்கிறேன். எனக்கென்ன வேலை?" என்றார். அப்படியாக மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பகல்கள். அவள் ஆய்வேட்டை வாசித்தாள், அவர் ரேடியோவை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார். முழுதாக. தண்ணீர் அத்தியாயத்தில், பாலத்துக்குக் கீழே மணல் மேடு இருப்பதை விட்டுவிட்டீர்கள் என்று திருத்தினார். சென்சார் அத்தியாயத்தில், "பாவம், அதுக்கும் மழையில நனையணுமே" என்றார். ஆட்கள் அத்தியாயத்தில் சத்தமாகச் சிரித்தார். இரண்டு பேராசிரியர்களுக்குப் புரியாத ஒரு படத்தை அவர் காதாலேயே புரிந்துகொண்டார். டாக்டரம்மா வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த ஞாயிறுகள் குறைவு. வீடு திரும்பும் பஸ்ஸில் அடுத்த ஞாயிறுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

எண்ணியது ஆசையால் மட்டுமில்லை. மூன்றாம் ஞாயிறு ஐந்தாம் அத்தியாயம்.

அவள் வாசித்தாள். இரண்டு கோடுகள். ஒரு சாண். அவர் கூட்டியதை எழுதியிருந்த இடத்தில் அவர் முகத்தில் பிடிபட்டவரின் சிரிப்பு வந்தது. "கண்டுபிடிச்சிட்டீங்களா!" என்றார். அடுத்த பக்கத்தில் மூன்று செயலர்களும் அதைக் கழித்துக்கொண்டார்கள் என்று இருந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

"கழிச்சீங்களா?"

"ஆமாண்ணே."

"எப்பத்திலிருந்து?"

"நான் வேலையில சேர்றதுக்கு முன்னாடியிலிருந்து."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டைத் துணியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "நான் அங்க நனைஞ்சுக்கிட்டு நின்னு, அந்தத் தெருவை நான்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "நான் சொன்ன ஒரு நம்பரைக்கூட ஒரு நாளும் நீங்க யாரும் நம்பலையா?"

அவள் தாளைக் கீழே வைத்தாள். வாசிங்க என்றார். வெள்ளம் வந்தது. செயலர் மூன்று வந்தது. அவள் குரல் இறங்கியது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்த மூணு யாரு?"

அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"பதினோரு வருஷம் இந்தக் குரலை மட்டும்தான்மா கேட்டிருக்கேன். மறைக்க நினைச்சா எனக்குத் தெரியாதா? நீங்களா?"

"நான்தான்."

தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். படிவம் மேஜை மேல் கிடந்தது. பேனாவும் கிடந்தது. அவர் ரேடியோவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மங்கிய கண்ணால் ஒரு திருகைத் தேட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் தேடினார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஏன் கூட்டினீர்கள் என்று கேட்க வந்தவள், கேட்காமலே படி இறங்கினாள். இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

அந்த வாரம் அவள் ஆய்வேட்டைத் திறந்து, செயலர் மூன்று என்று இருந்த ஒவ்வொரு இடத்திலும் அதை அடித்துவிட்டு நான் என்று போட்டாள். மொத்தம் நாற்பத்தொரு இடம். செயலர் மூன்று கழித்தார் என்பது நான் கழித்தேன் என்று ஆனது. அளவுக்காரரின் பேச்சு முழுவதையும் எடுத்துவிட்டாள், கையெழுத்து இல்லையே. அவர் ஏன் கூட்டினார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதினாள். நெறியாளர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்களுக்குப் பைத்தியமா? இதை உங்க ஆபீஸ்காரங்க படிச்சா வேலைக்கே உலை வச்சிடுவாங்க!"

"படிக்கட்டும் மேடம். யாராவது முழுசா படிச்சா சரிதான்."

படித்தார்கள். ஒன்பது வருடம் ஒரு பக்கம் புரட்டாத ஆபீஸ் ஒரே நாளில் படித்தது. விசாரணைக் கோப்பை மறுபடி திறந்தார்கள். மறு உத்தரவு வரும்வரை ஷட்டர் பக்கம் போகக் கூடாது என்று அவளை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். ஜன்னலில்லாத அறை, போல்ட்டும் நட்டும் நிறைந்த அலமாரிகள். ஆறு தெரியாது. மழை பெய்தால் தகரக் கூரை சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாலத்தில் இப்போது எவ்வளவு இருக்கும் என்று மணிக்கொரு தரம் அவளுக்குத் தோன்றும். அடுத்தாற்போல, அவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் புடவை மாற்றிக்கொண்டு வாசல்வரை வந்து, மறுபடி உள்ளே போய்விடுவாள். கணவர் ஒருநாள், "நான் வேணும்னா அந்த அண்ணனைப் போய்ப் பார்க்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றாள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்ததும் அழைப்பிதழ் ஒன்றை அந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, அனுப்பியதை மறந்ததுபோல நடந்துகொண்டாள்.

வாய்மொழித் தேர்வு யாரும் வந்து கேட்கலாம் என்று நோட்டீஸ் போட்டுத்தான் நடக்கும். வழக்கமாக யாரும் வர மாட்டார்கள். அன்று முப்பது நாற்காலிகளில் பதினேழு பேர் இருந்தார்கள். அதில் பாதி ஆபீஸ்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். முன்வரிசையில் தேய்த்த சட்டையோடு கணவர், பக்கத்தில் லீவு போட்டு வந்த மகள். கடைசி வரிசையில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு தடிக் கண்ணாடி மனிதர் வந்து உட்கார்ந்ததை அவள் பேச ஆரம்பித்த பிறகுதான் பார்த்தாள். பார்த்ததும் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நேராக விஷயத்துக்கு வந்தார். "எல்லாம் நல்லாருக்கு. ஆனா நடுவுல ஓட்டை விழுந்திருக்கே. அந்த ஆள் ஏன் கூட்டிச் சொன்னார்னு தெரியாம இதை எப்படி ஏத்துக்கிறது?"

"ஓட்டைதான் சார். என்கிட்ட பதில் இல்லை."

மூன்று பேராசிரியர்களும் முதல்முறையாக ஒரே பக்கத்தைப் புரட்டித் தேடினார்கள். குழுவின் தலைவர் நேரத்தைப் பார்த்துவிட்டு, பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார். அது ஒரு சம்பிரதாயம். நண்பர்கள் யாராவது எழுந்து ஏற்கெனவே பேசி வைத்த கேள்வியைக் கேட்பார்கள். கணவருக்கு மகள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள்: இந்த ஆய்வினால் சமூகத்துக்கு என்ன பயன்? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கையைத் தூக்கினார்.

அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. மைக் தேவைப்படாத குரல்.

"கீழ்ப் பாலத்துல அளவு பார்த்தவன் நான்தான். நான் சேர்ந்த வருஷம் உள்ளது உள்ளபடிதான் சொன்னேன். அஞ்சரைன்னேன். மேல இருந்தவர், இன்னும் நேரம் இருக்குய்யான்னு வச்சிட்டார். முதல் வீட்டுல ஒரு தொட்டில் மிதந்துச்சு. நான்தான் இடுப்பளவு தண்ணியில இறங்கிப் பிள்ளையைத் தூக்கினேன். அதுக்கப்புறம் கூட்டித்தான் சொன்னேன். எழுதிக்குங்க, கையெழுத்தும் போட்டுத் தர்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்ப என் கேள்வி. இனிமே ஒருத்தர் கூட்டிச் சொல்றார்னு தெரிஞ்சா என்னம்மா செய்வீங்க?"

"கழிக்க மாட்டேன். ஏன் கூட்டுறீங்கன்னு கேட்பேன்."

"மணிக்கொரு தரம் பேசினோமேம்மா. சாப்பாட்டைக் கேட்டோம், சளியைக் கேட்டோம், வாய்ப்பாடு கேட்டோம். அதை அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம் அண்ணே."

அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். தலைவர் வேறு ஏதாவது கேள்வி உண்டா என்றார். கணவர் தூக்கிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.